அறிமுகமில்லாத எண்களின் அழைப்பை அடக்கும் முறை

பாத்தியில் கீரை பறித்துக் கொண்டிருக்கும்போது கைபேசி ஒலிக்கிறது. ஈரக் கையைத் துடைத்துக் கொண்டு எடுத்தால், "மனை வேண்டுமா?" என்று எவரோ கேட்கிறார். அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பம் போன்ற புறநகர்ப் பகுதிகளில் இது அன்றாடத் தொல்லை. இதனைத் தவிர்க்க வழி உண்டு. ஆனால் களையெடுக்கும்போது பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடலாகாது. முகம் அறியாத எண்ணிலிருந்து கோயம்பேடு வியாபாரியும் அழைக்கக்கூடும். ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் செய்தல் வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

மண்டிக்காரர், வண்டி ஓட்டுநர், உதவி தோட்டக்கலை அலுவலர், வங்கிக் கிளை, கூட்டுறவுச் சங்கம், பிள்ளைகளின் பள்ளி ஆகிய எண்களைப் பெயருடன் கைபேசியில் பதிந்து கொள்ளுங்கள். இதனைச் செய்யாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

அடக்கும் முறை

1. ஆண்ட்ராய்டு கைபேசியில் செட்டிங்ஸ் பகுதியில் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்பதைத் திறக்கவும். சில கைபேசிகளில் இது 'மோட்ஸ்' என்பதனுள் இருக்கும்.

2. அழைப்புகளுக்கான இடத்தில் 'காண்டாக்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பெயர் பதிந்தவர்களின் அழைப்பு மட்டுமே ஒலிக்கும்.

3. 'ரிப்பீட் காலர்ஸ்' வசதியை இயக்கி வைக்கவும். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்திற்குள் மீண்டும் அழைத்தால் மணி ஒலிக்கும். அவசரமாகத் தேடுபவர் தவறிப்போக மாட்டார்.

4. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் என்று சென்று, அறிமுகமில்லாதவர்களை அடக்கும் வசதியை இயக்கலாம். இவ்வசதி 2023-ஆம் ஆண்டில் வந்தது.

'டூ நாட் டிஸ்டர்ப்' இயக்கத்தில் உள்ளபோது குறுஞ்செய்திகளின் ஒலியும் அடங்கிவிடும். எனவே வேலை நேரத்தில் மட்டும் இதனைப் பயன்படுத்தி, நண்பகலிலும் மாலையிலும் தவறிய அழைப்புகளைப் பார்த்து, தேவையானவர்களைத் திரும்ப அழையுங்கள்.

விளம்பரத்தை நிறுத்த

1909 என்ற எண்ணை அழைத்து, விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்து கொள்ளலாம். வீட்டுமனை விளம்பரம் போன்ற ஒரு வகையை மட்டும் நிறுத்தவும் இயலும். விளம்பர அழைப்புகளுக்கென 140 என்று தொடங்கும் எண்களும், வங்கி மற்றும் அரசுத் துறைகளின் சேவை அழைப்புகளுக்கென 1600 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. பதிவு பெறாமல் சாதாரண எண்களிலிருந்து அழைப்பவர்களை இப்பதிவு முழுமையாகத் தடுக்காது.

எச்சரிக்கை

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 6,000 மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் நேராக வரவு வைக்கப்படுகிறது. அத்தொகையைத் தருவதாகக் கூறி எவர் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டாலும், எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும், கொடுக்காதீர்கள். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இன்று மாலையே வேண்டிய எண்களைப் பதிந்து, நாளைக் காலை முதல் நிம்மதியாக வயலில் இறங்குங்கள்.