இழுப்புள்ள பிள்ளைக்கு இருமல் விடவில்லையா?

மார்கழி வந்தால் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் பனி. கீழே கள்ளக்குறிச்சியில் கரும்பு வெட்டும் சோகைப் புகையும். இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளுக்கு இரண்டுமே ஆகாது.

1. காய்ச்சல் இல்லை, பகலெல்லாம் ஆட்டம். நடுச்சாமத்திலும் விடியலிலும் மட்டும் வறட்டு இருமல், ஓடினாலும் சிரித்தாலும் இருமல் என்றால் இழுப்பைச் சந்தேகியுங்கள். எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, எடையும் குறைந்தால் காசநோய்ப் பரிசோதனையும் தேவை.

2. "பம்பு பழகிப்போயிடும்" என்று இன்ஹேலருக்குப் பயந்து சிரப்பே போதும் என்பவர்கள் கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் பஃப் ஒன்றில் 100 மைக்ரோகிராம். அதே மருந்து சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம், அதாவது 20 பஃப் அளவு. பஃப் நேராக நுரையீரலுக்குப் போகிறது. சிரப் உடம்பெல்லாம் சுற்றிக் கை நடுக்கத்தையும் படபடப்பையும் தரும்.

3. பம்பை வெறுமனே வாயில் அடித்தால் பாதிக்கு மேல் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் குழல் கட்டாயம், சின்னக் குழந்தைக்கு மாஸ்க்கும் வேண்டும். பிள்ளையை உட்காரவையுங்கள். பம்பை நன்றாகக் குலுக்கி ஒரே ஒரு பஃப் அடியுங்கள். ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்கட்டும். அடுத்த பஃப்புக்கு முன் அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்குங்கள். அழும்போது கொடுத்தால் மருந்து உள்ளே போகாது. ஸ்டீராய்டு பஃப் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

4. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் உலரவிடுங்கள். துணியால் தேய்த்தால் மருந்து அதன் உட்சுவரில் ஒட்டும். ஸ்பேசர் இல்லாத அவசரத்தில், அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளையிட்ட அரை லிட்டர் பாட்டிலும் உதவும். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்து 1999-இல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள்.

5. புகைதான் முதல் எதிரி. விறகடுப்பு எரியும்போது பிள்ளை அங்கே இருக்கக் கூடாது. கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் வழக்கத்தைப் பாட்டி சொன்னாலும் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் பீடியும் கூடாது.

6. சோகை கொளுத்தும் நாளில் ஜன்னலைச் சாத்துங்கள். சாமை புடைக்கும்போதும் மக்காச்சோளம் அடிக்கும்போதும் பிள்ளையைக் களத்தில் விடாதீர்கள்.

7. ஆவி பிடிப்பதால் இழுப்பு அடங்காது. வெந்நீர் கொட்டிய புண்தான் மிச்சம். மூக்கில் கற்பூரத் தைலம் தடவவே கூடாது.

8. தினமும் எடுக்கும் தடுப்பு பஃப்பை, இருமல் நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மலையில் இருப்பவர்கள் தீரும் முன்பே அடுத்ததை வாங்கிவையுங்கள்.

9. விலா உள்வாங்குவது, பேச்சு துண்டு துண்டாக வருவது, உதடு நீலம் பூப்பது ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி மலையேறி வர நேரமாகும். அதுவரை எத்தனை பஃப், எவ்வளவு இடைவெளியில் என்பதை டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.