பாதி இரவில் தொட்டிலைத் தேடும் பிள்ளை

இரவில் விழிக்காத மனிதர் இல்லை. பெரியவர்கள் புரண்டு படுத்து மறந்துவிடுகிறோம். சிறு பிள்ளையோ, கண் மூடும்போது எது கூட இருந்ததோ அதையே விழித்ததும் தேடும். ஸ்பிரிங் தொட்டில் ஆட்டத்தில் தூங்கிய பிள்ளை நள்ளிரவிலும் ஆட்டச் சொல்லி அழும். புட்டியோடு தூங்கியது புட்டியைக் கேட்கும். ஒன்றரை வயது மகனை வைத்துக்கொண்டு இது எங்களுக்குப் புரிந்த பிறகுதான் கிள்ளான் வீட்டில் எல்லாரும் தூங்கினோம்.

மாலையிலிருந்து தொடங்கினோம். வேலை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸில் பேபிசிட்டர் அக்கா வீட்டிலிருந்து அவனைக் கூட்டிவருவோம். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் காரிலேயே தூங்கிவிடுவான். அந்தக் குட்டித் தூக்கம் இரவைப் பத்தரைக்கு மேல் தள்ளிவிடும். மதியச் சாப்பாடு முடிந்ததுமே தூங்கவைத்து மூன்று மணிக்குள் எழுப்பிவிடும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டோம். காரில் நான் பின்னால் உட்கார்ந்து அவனோடு பேசிக்கொண்டே வந்தேன்.

ஏழு மணிக்கே படுக்கவைக்கச் சொல்லும் மேல்நாட்டு அட்டவணை நமக்கு ஒத்துவராது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தினார்கள். அதனால் இங்கே பொழுது சாயவே ஏழு, ஏழரை ஆகிறது. வேலைக்குப் போன பெற்றோர் வீடு சேருவதும் அப்போதுதான். 2010இல் வெளிவந்த 17 நாட்டு ஆய்வில், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் படுக்கும் சராசரி நேரம் நியூசிலாந்தில் 7.27, ஹாங்காங்கில் 10.17. ஆகவே, உங்கள் பிள்ளை உண்மையில் தூங்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்தரை என்றால் பத்தரைக்கே படுக்கவையுங்கள். அடம் குறைந்து சீக்கிரம் தூங்கத் தொடங்கியதும், சில நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். காலையில் எழுப்பும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறக்கூடாது. எங்கள் மகன் ஒன்பது மணியில் வந்து நின்றான். அதுவே போதும் என்று விட்டுவிட்டோம்.

குளியல், பால், பல் துலக்கல், ஒரு கதை, தாலாட்டு. தினமும் இதே வரிசை. கைபேசிக்கு அறையில் இடமில்லை. தாலாட்டு முடியும்போது பிள்ளை விழித்திருக்க வேண்டும், மெத்தையில் தானாகவே கண் மூட வேண்டும். முதலில் முதுகைத் தட்டினேன். பிறகு தொடாமல் பக்கத்தில் இருந்தேன். பிறகு நாற்காலி கதவோரம் போனது. அழுதால் போய், இரண்டு வார்த்தை சொல்லித் தேற்றிவிட்டுத் திரும்பினேன்.

“பிள்ளைய அழவிடாதம்மா” என்றார் அத்தை. அந்தப் பரிவு நியாயமானது. ஆஸ்திரேலியாவில் 43 குழந்தைகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டுத் தேற்றிய பிள்ளைகளிடம் ஓராண்டு கழித்தும் பெற்றோரோடுள்ள ஒட்டுதலில் குறை தெரியவில்லை. இதைச் சொல்லி, தாலாட்டை அத்தையிடமே ஒப்படைத்தோம். பாடி முடித்ததும் எழுந்து வந்துவிடுவார். வீட்டில் ஆளுக்கொரு முறை இருந்தால் பிள்ளை குழம்பிப்போகும்.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம். இரவுப் பால் அதற்குத் தேவை. ஒரு வயதுவரை தலையணை இல்லாமல், சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். குறட்டை விட்டாலோ வாயால் மூச்சு வாங்கினாலோ அது பழக்கக் கோளாறு அல்ல, கிளினிக் கெசிஹாத்தானில் காட்டுங்கள். தூங்கவைப்பதற்காகச் சளி மருந்தை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.