புற்றரையும் வெண் குளோவரும்

மேற்கு இமயமலைச் சரிவுகளிலுள்ள பள்ளிகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் முன்னே புற்றரை அமைப்பது நெடுநாளைய வழக்கம். முதலாண்டில் பசுமையாகத் தோன்றும் புல், உரமின்றி விடப்பட்டால் சில ஆண்டுகளில் மஞ்சள் நிறமடைந்து, இடையிடையே மறைந்து போகின்றது. வெறுமையான அவ்விடங்களில் பருவமழை விழும்பொழுது மேல்மண் கரைந்து சரிவில் இறங்கிவிடுகின்றது. இழந்த மேல்மண்ணை மீண்டும் பெறுவது எளிதன்று. ஆகவே, மலைநாட்டில் புற்றரையைப் பேணுவது அழகு பற்றியது மட்டுமன்று. மண் பாதுகாப்புப் பற்றியதும் ஆகும்.

புல் மெலிவதற்குரிய காரணங்களுள் முதன்மையானது நைட்ரஜன் குறைவு. வெட்டிய புல்லை அப்புறப்படுத்தும் ஒவ்வொரு முறையும் நைட்ரஜனின் ஒரு பகுதி நிலத்தை விட்டு நீங்குகின்றது. அதனை ஈடு செய்ய ஆண்டுதோறும் உரம் வாங்குதல் சிறிய பள்ளிகளுக்கு இயலாத செலவாகும். புல்லுக்குப் பதிலாகவோ, புல்லோடு கலந்தோ வெண் குளோவரை வளர்ப்பின் இச்செலவைத் தவிர்க்கலாம். ஆனால் இம்முறை எல்லா இடங்களுக்கும் ஏற்றதன்று.

செடியின் இயல்பு

வெண் குளோவர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. ஒவ்வோர் இலையும் மூன்று சிற்றிலைகளைக் கொண்டது. தண்டு மேல்நோக்கி வளராமல் தரையோடு படர்ந்து, கணுக்கள்தோறும் வேர் விடுகின்றது. அதனால் இச்செடி வெற்றிடங்களை விரைவில் மூடிக்கொள்ளும். அடிக்கடி வெட்டினாலும், கால்நடை மேய்ந்தாலும் எளிதில் அழியாது. காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் உயர்ந்த புல்வெளிகளில் இச்செடி தானாகவே வளர்ந்திருப்பதைக் காணலாம்.

காற்றிலிருந்து உரம்

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. எனினும் செடிகள் அதனை நேரே பயன்படுத்த இயலாது. அவரைக் குடும்பச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த நைட்ரஜனைச் செடிக்கு உதவும் பொருளாக மாற்றுகின்றன என்னும் உண்மையை ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் 1886 முதல் 1888 வரையிலான ஆண்டுகளில் நிலைநாட்டினர். 1888ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் பைஜரிங்க் அப்பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். இவ்வகைப் பாக்டீரியா ரைசோபியம் எனப்படும்.

குளோவர் சேர்க்கும் நைட்ரஜன் அருகிலுள்ள புல்லுக்கு உடனே கிடைப்பதில்லை. குளோவரின் முதிர்ந்த வேர்களும் தண்டுகளும் மடிந்து மட்கும்பொழுதே அது மண்ணைச் சேர்கின்றது. வெட்டிய தழையைத் தரையிலேயே விட்டு வைத்தால் பயன் மிகும். ஆகையால் முதலாண்டிலேயே பெரிய மாற்றத்தை எதிர்பார்த்தல் கூடாது.

களை என்னும் பெயர்

மேலைநாடுகளில் முன்னர்ப் புற்றரை விதைக் கலவையில் வெண் குளோவரும் சேர்க்கப்பட்டு வந்தது. 1940களின் நடுப்பகுதியில் 2,4-டி என்னும் களைக்கொல்லி விற்பனைக்கு வந்தது. அது புல்லை விட்டுவிட்டு, அகன்ற இலைச் செடிகளை அழிப்பது. குளோவரும் அதற்கு இரையாயிற்று. பின்னர் அச்செடியே களைகளுள் ஒன்றாக எண்ணப்படலாயிற்று. செடியின் இயல்பு மாறவில்லை. மருந்து அதனை விலக்கி வைக்கவில்லை என்பதே காரணம். குளோவர் வளர்க்குமிடத்தில் இம்மருந்தைத் தெளித்தல் ஆகாது.

ஏற்ற இடமும் ஏலாத இடமும்

வெண் குளோவர் குளிர்ந்த தட்பவெப்பத்தை விரும்புவது. மேற்கு இமயமலையின் மிதவெப்பப் பகுதிகளும், நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளும் அதற்கு ஏற்றவை. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும் டில்லி போன்ற சமவெளி நகரங்களில், குளிர்காலத்தில் செழித்த செடியும் மே, ஜூன் மாதங்களில் கருகிவிடும். குளிர் நாட்டு நூல்களில் கண்டதைக் கொண்டு இங்கு அறுகம்புல்லை அகற்றுவோர், மழைக்காலம் தொடங்கும்பொழுது வெறுந்தரையையே காண்பர். வெப்பத்தைத் தாங்கும் அறுகே சமவெளிக்கு உரியது. எகிப்திலிருந்து வந்த பெர்சீம் என்னும் குளோவர் வட இந்தியச் சமவெளியில் குளிர்காலத் தீவனப் பயிராகச் சிறந்து விளங்குகின்றது. ஆயினும் அது ஓராண்டுப் பயிர், தரையை நிலையாக மூடுவதன்று.

விதைக்கும் முறை

பழைய புல்லை முழுவதும் பெயர்த்தெடுக்க வேண்டுவதில்லை. சரிவுகளில் அவ்வாறு செய்வது தீங்காகும். புல்லைக் குட்டையாக வெட்டி, வாருகோலால் தரையைக் கீறி, இடையிடையே விதைத்தலே தக்கது. பனி விலகும் மார்ச், ஏப்ரல் மாதங்களோ, மழை ஓயும் செப்டம்பரோ ஏற்ற காலம். மண் புளிப்பாக இருப்பின் சில வாரங்களுக்கு முன்னரே சுண்ணாம்பு இடுதல் வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டும் இடலாம். மணிச்சத்துக் குறைந்தால் குளோவர் செழிப்பதில்லை. யூரியா இடலாகாது. அது புல்லை ஓங்கச் செய்து குளோவரை நிழலில் அமுக்கிவிடும்.

விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் ஏறத்தாழ 1,500 விதைகள் இருக்கும். புல்லிடையே விதைக்கச் சதுர மீட்டருக்கு அரை கிராமும், தனியே விதைக்க ஒரு கிராமும் போதும். விதையை மெல்லிய வெல்லக் கரைசலில் நனைத்து, குளோவருக்குரிய ரைசோபியக் கலவையைச் சேர்த்து, நிழலில் உலர்த்தி, மணலோடு கலந்து தூவலாம். பயறு வகைகளுக்குரிய கலவை இதற்குப் பயன்படாது. கலவை கிடைக்காவிடின், குளோவர் நன்கு வளர்ந்துள்ள இடத்து மண்ணைச் சிறிது எடுத்துத் தூவலாம். விதையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் புதைத்தல் கூடாது.

அறிந்திருக்க வேண்டிய குறைகள்

குளோவர் மிதிபடுவதைப் புல்லைப் போல் தாங்காது. கடும் பனியில் அதன் இலைகள் கருகித் தரை வெளிப்படும். ஆகவே விளையாட்டிடங்களிலும் செங்குத்தான சரிவுகளிலும் புல்லும் குளோவரும் கலந்திருத்தலே நன்று. மலர்களைத் தேனீக்கள் நாடி வரும். வெறுங்காலோடு சிறுவர் ஓடியாடும் இடங்களில் மலர் விரியுமுன் வெட்டிவிடுதல் வேண்டும். வெட்டிய குளோவரைப் பசித்த மாட்டுக்கு மிகுதியாக இட்டால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து நேரலாம். உலர்ந்த புல்லோடு கலந்து சிறிது சிறிதாகவே கொடுத்தல் வேண்டும்.

மாணவர் செய்து காணத்தக்கவை

1. விதைத்த எட்டு வாரங்களுக்குப் பின் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரை நீரில் மெல்லக் கழுவுக. வேர் முடிச்சு ஒன்றைக் கூரிய கத்தியால் ஆசிரியர் பிளந்து காட்டலாம். உட்புறம் இளஞ்சிவப்பாயிருப்பின் பாக்டீரியா நைட்ரஜனைச் சேர்த்து வருகின்றது. வெண்மையாகவோ பச்சையாகவோ இருப்பின் அது நடைபெறவில்லை.

2. ஒரு சதுர மீட்டர் அளவுள்ள இரு பாத்திகளை அருகருகே அமைத்து, ஒன்றில் புல்லை மட்டும், மற்றொன்றில் புல்லையும் குளோவரையும் வளர்க்க. எதற்கும் நைட்ரஜன் உரம் இடற்க. மாதந்தோறும் இரண்டையும் ஒரே உயரத்தில் வெட்டி, தழையை நிறுத்துக் குறித்துக்கொண்டு, அந்தந்தப் பாத்தியிலேயே பரப்பிவிடுக. இரண்டு ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டு நோக்குக.

இவ்விரு சோதனைகளும் அதிகச் செலவில்லாதவை. முற்றம் முழுவதையும் மாற்றுமுன், அவ்விடத்து மண்ணிலும் குளிரிலும் குளோவர் நிலைக்குமா என்பதைக் களப்பணியாளர் இவற்றாலேயே உறுதி செய்துகொள்ளலாம். முடிச்சு சிவக்காத நிலத்தில் மேலும் விதை வாங்குவதற்கு முன், பாக்டீரியாவையும் மண்ணின் புளிப்பையும் கவனித்தல் வேண்டும்.