வேனின் எஞ்சின் முன்மூடியை மாற்றும் முறை

தோட்டத்து வேன் ஒருவருக்கு மட்டும் உரிய ஊர்தியன்று. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட தாயை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. ஆகவே, அதன் எஞ்சினின் முன்புறத்தில் எண்ணெயோ நீரோ சொட்டுமாயின் அலட்சியம் செய்தலாகாது.

முன்மூடி என்பது யாது?

எஞ்சினின் முன்முகத்தை மூடியிருக்கும் வார்ப்பு உலோகமே முன்மூடி. பெரும்பாலும் இது அலுமினியத்தால் ஆனது. சங்கிலி வகை எஞ்சின்களில், இதனுள்ளே டைமிங் சங்கிலி எண்ணெயில் நனைந்தவாறு சுழல்கிறது. கிராங்க் தண்டின் நுனி வெளிவரும் துளையில் 'ஆயில் சீல்' என்னும் வளையம் உண்டு. நாம் வெட்டும் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பிவிடும். ஆதலால் இவ்வளையம் செயற்கை ரப்பரால் செய்யப்படுகிறது. பல எஞ்சின்களில் தண்ணீர் பம்ப்பும் இம்மூடியின் மீதே பொருத்தப்பட்டிருக்கும்.

பழுது ஏன் நேர்கிறது?

அரிப்புத் தடுப்பு மருந்து கலவாத வெறும் நீரை ரேடியேட்டரில் ஊற்றிவந்தால் அலுமினியம் நாளடைவில் அரிக்கப்படும். நீர் வெளியே கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே கசிந்து எண்ணெயுடன் கலப்பதே பேராபத்து. எண்ணெய் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருப்பின் எஞ்சினை இயக்காதீர்கள். இயக்கினால் பேரிங்குகள் தேய்ந்து, மூடிக்கு ஆகும் செலவு எஞ்சினுக்கு ஆகும் செலவாகிவிடும்.

செய்முறை

1. எஞ்சின் நன்கு ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் 100 பாகைக்கும் மேல் கொதிப்பேறிய நீர் முகத்தில் பீறிடும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக.

2. நீரையும் எண்ணெயையும் தனித்தனியே வடித்து மூடிவைக்க. மருந்து கலந்த நீர் இனிக்கும் நஞ்சு. லயத்துப் பிள்ளைகள் அண்டாமல் காக்க.

3. விசிறி, பெல்ட், தண்ணீர் பம்ப், கிராங்க் புல்லி ஆகியவற்றைக் கழற்றுக. புல்லியைச் சுத்தியலால் அடியாது, புல்லர் கொண்டு இழுக்க. போல்ட்டுகள் ஒரே நீளமுடையவையல்ல. அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அவற்றை அந்தந்த இடத்திலேயே செருகி வைக்க.

4. எண்ணெய்த் தொட்டியின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, பழைய கேஸ்கட்டைச் சுரண்டுக. பட்டையை மட்டும் சீவி, உள்மரத்தைக் காயப்படுத்தாமல் பால் வெட்டும் கை நம்முடையது. அதே நிதானம் இங்கும் வேண்டும். உலோகத்தில் கீறல் விழுந்தால் அவ்வழியே எண்ணெய் கசியும். டைமிங் சங்கிலியைக் கழற்றலாகாது.

5. புதிய மூடியில் புதிய ஆயில் சீலைப் பொருத்தி, அதன் உதட்டில் எண்ணெய் தடவுக. கேஸ்கட்டும் புதியதாகவே இருத்தல் வேண்டும்.

6. துணியை எடுத்துவிட்டு மூடியைப் பொருத்துக. போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, பின்னர் எதிரெதிராகச் சிறிது சிறிதாக, வாகனக் கையேடு கூறும் அளவுக்கே முடுக்குக. கழற்றிய பாகங்களை மீண்டும் பூட்டி, புதிய எண்ணெயும் மருந்து கலந்த நீரும் நிரப்பி, பேட்டரியை இணைத்து, எஞ்சினை இயக்கிக் கசிவு உண்டா என நோக்குக. ஆறியபின் அளவுகளை மீண்டும் சரிபார்க்க.

இவ்வேலையில் பழக்கமில்லாதவர்கள் முதன்முறை தேர்ந்த மெக்கானிக் ஒருவரின் துணையுடன் செய்வதே அறிவுடைமை. எனினும், வாரம் ஒருமுறை எண்ணெயையும் நீரையும் பார்க்க எவரும் பயிலலாம். அச்சிறு பழக்கமே நள்ளிரவில் வேன் வழியில் நின்றுவிடாமல் காக்கும்.