பழைய இடம் மறுபடி சிவந்தால்

மார்பில் ‘கரண்டு’ வைத்து (கதிர்வீச்சு சிகிச்சை) மாதங்கள் ஓடியிருக்கும். தோல் கறுத்து, உரிந்து, ஆறியும் போயிருக்கும். பிறகு கீமோ ஏற்றிக்கொண்டு வந்த சில நாளில் அதே இடம் எரியத் தொடங்குகிறது. ஓமலூர்ப் பக்கத்து வீடுகளில் உடனே வரும் பேச்சு, “அக்கி மாதிரி இருக்கு, எழுதிட்டு வந்துடலாம்.” காவி குழைத்து எழுதுபவரிடம் கிளம்பும் முன், சிவப்பின் ஓரத்தை உற்றுப் பாருங்கள்.

கதிர்வீச்சுக்கு முன் உங்கள் தோலில் மையால் கோடு போட்டிருப்பார்கள். சிவப்பு அந்தக் கோட்டுக்குள்ளேயே, அளந்து வெட்டியது போல நிற்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் கதிர்வீச்சு மீள் எதிர்வினை (ரேடியேஷன் ரீகால்). மாநிறத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாமல் கருமை கூடலாம். தொட்டால் சூடும் வலியும் இருக்கும். சிலருக்குக் கொப்புளம் வந்து தோல் உரியும். அக்கியோ, ஒரே பக்கமாகப் பட்டைபோல் கொப்புளங்களாகப் படரும். கீமோ எடுப்பவர்களுக்கு அதுவும் வரக்கூடியதே. அதற்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்குவது நல்லது. ஆக, இரண்டில் எதுவானாலும் காவி மருந்தல்ல.

1959-இல் டாஞ்சியோ என்ற அமெரிக்க மருத்துவர் ஆக்டினோமைசின்-டி மருந்தில் இந்த மீள் எதிர்வினையைப் பதிவு செய்தார். டாக்ஸோரூபிசின், டோசிடாக்ஸெல், பாக்லிடாக்ஸெல், ஜெம்சிடபின், கேப்சிடபின் மாத்திரை ஆகியவற்றாலும் வருகிறது. கதிர்வீச்சு முடிந்து சில வாரங்களிலும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். ஏன் வருகிறது என்பது முழுதாக விளங்கவில்லை. நோய் திரும்பிவிட்டதோ என்று பலர் கலங்குகிறார்கள். இந்த எதிர்வினைக்கு அப்படிப் பொருளில்லை.

அடுத்த டிரிப்ஸுக்குப் போகும்வரை காத்திருக்காமல் அன்றே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை கீமோ என்றால் அடுத்த வேளையை விழுங்கும் முன் கேளுங்கள். மருந்தைச் சில நாள் தள்ளிவைப்பார்கள். ஸ்டீராய்டு களிம்போ மாத்திரையோ தருவார்கள். பெரும்பாலோருக்கு ஆறிவிடும். அதே மருந்தைப் பின்னர் மறுபடி ஏற்றும்போது எல்லோருக்கும் இது திரும்புவதில்லை. எனவே கீமோவையே விட்டுவிட நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

வீட்டில், வெதுவெதுப்பான நீரால் கழுவி ஒற்றியெடுங்கள். இறுக்கமான ரவிக்கை வேண்டாம், பழைய பருத்திச் சேலைத் துணி போதும். சித்திரை வெயிலில் வயலுக்கோ சந்தைக்கோ போனால் அந்த இடத்தை மூடிக்கொள்ளுங்கள். வேப்பிலை அரைப்பு, மஞ்சள், விளக்கெண்ணெய், ஒத்தடம் எதுவும் வேண்டாம். புண்ணான தோலில் அவை கிருமிக்கு வழிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் படைக் களிம்பும் அப்படியே. 100.4 டிகிரி காய்ச்சலோ, சீழோ கண்டால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இங்கே பலர் கதிர்வீச்சை ஓரிடத்திலும் கீமோவை வேறிடத்திலும் எடுக்கிறார்கள். சென்னை அடையாற்றில் வைத்த கரண்டு, சேலத்தில் மருந்து ஏற்றுபவருக்குத் தெரியாமல் போகலாம். எந்த இடம், எத்தனை நாள், எப்போது முடிந்தது என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரி) கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஊசி போடும் முன் முதலில் அதைக் காட்டுங்கள்.