சிசுக்கள் உறங்கும் முறை

திருவிடைமருதூர் வட்டாரத்தில் நடவு, களையெடுப்பு நாட்களில் வயலோரமாகச் செல்வோர், மரக்கிளையில் பழம்புடவை கட்டிய தூளியையும் அதனுள் உறங்கும் கைக்குழந்தையையும் காணலாம். வீட்டிலோ குழந்தை உத்தரத்துத் தூளியிலும், இரவில் தாயின் பாயிலும் உறங்குகிறது. குழந்தை தன் நாளின் பெரும்பகுதியை உறக்கத்திலேயே கழிப்பதால், அது எங்கே, எப்படிக் கிடத்தப்படுகிறது என்பது அற்ப விஷயமன்று.

நோய்நொடியின்றி இருந்த குழந்தை, இரவில் பால் குடித்து உறங்கியபின் காலையில் உயிரின்றிக் கிடப்பதுண்டு. பால் புரையேறிவிட்டது என்பர் சிலர். தோஷம் தாக்கிற்று என்பர் வேறு சிலர். பழி மட்டும் பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. பிரேத பரிசோதனையும், குழந்தை கிடந்த இடத்தின் பரிசோதனையும் முடிந்த பிறகும் காரணம் விளங்காவிடில், மருத்துவர் இதனைத் திடீர்ச் சிசு மரணம் என்பர். 2 முதல் 4 மாதப் பருவத்தில் இது மிகுதி. பத்தில் ஒன்பது மரணங்கள் 6 மாதம் நிறையுமுன்னரே நேர்கின்றன. தமிழ்நாட்டில் 1,000 பிறப்புகளுக்குச் சிசு மரணம் 2020ஆம் ஆண்டில் 13 என்ற அளவுக்கு இறங்கியது; இந்தியா முழுவதற்கும் அது அப்போது 28. எஞ்சியுள்ளதைக் குறைப்பதற்கு மருத்துவமனை மட்டும் போதாது. வீட்டுப் பாயையும் கவனிக்க வேண்டும்.

இதில் மேனாட்டார் கற்ற பாடம் மிகக் கசப்பானது. 1950களின் இறுதி முதல் அங்கே புகழ்பெற்ற மருத்துவர்களே, குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று எழுதிவந்தனர். தாய்மார் அதை நம்பினர். குப்புறக் கிடக்கும் சிசு, தான் விட்ட அசுத்தக் காற்றையே மீண்டும் சுவாசிக்க நேரிடுகிறது. மூச்சு தடைப்படும்போது விழித்தெழும் ஆற்றலும் அந்நிலையில் குறைகிறது. 1991இல் நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும், 1994இல் அமெரிக்காவிலும், மல்லாந்தே படுக்க வையுங்கள் என்று பிரசாரம் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் இம்மரணங்கள் சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்தும் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. படுக்க வைக்கும் பக்கம் மாறியது, அவ்வளவே.

நம் பாட்டிமார் குழந்தையை மல்லாத்தியே கிடத்தினர். அது சரியான வழக்கம். மல்லாந்து கிடந்தால் கக்கிய பால் புரையேறும் என்ற அச்சம் வேண்டுவதில்லை. அந்நிலையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக அமைவதால், கக்கிய பால் மேலேறிச் சென்றே மூச்சுக்குழலில் புக வேண்டும். குப்புறக் கிடந்தாலோ இது நேர்மாறாகிறது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் பாதுகாப்பன்று. குழந்தை எளிதில் குப்புற உருண்டுவிடும். தானாகவே இருபுறமும் புரளத் தெரிந்த குழந்தையை மட்டும் அதன் போக்கில் விட்டுவிடலாம். அப்பருவத்துக்கு முன்னரே, புரள முயலத் தொடங்கும்போதே, துணியால் இறுகச் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

வழக்கம் நல்லதாயினும், அதைச் சுற்றிச் சேர்ந்துள்ளவை யாவும் நல்லவையல்ல. தலை உருண்டையாக அமைய வேண்டுமென்று வைக்கும் கடுகுத் தலையணை, இலவம்பஞ்சு மெத்தை, முகத்தருகே குவித்த துணிகள் ஆகியவை மூச்சை அடைக்கக் கூடியவை. ஓராண்டு வரை குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. சமமான தரையில் விரித்த கோரைப் பாயும், அதன்மேல் மடித்து இறுக விரித்த ஒரு பருத்தித் துணியும் போதும். தலை ஒருபக்கம் தட்டையாகாதிருக்க, கிடத்தும் திசையை நாள்தோறும் மாற்றலாம். விழித்திருக்கும்போது பெரியவர் கண்முன் சிறிது நேரம் கவிழ்த்தும் விடலாம். மார்கழிக் குளிருக்கு அஞ்சி, உறங்கும் குழந்தைக்குக் குல்லாய் இட்டுக் கம்பளியால் தலைவரை மூடுவது தவறு. மார்பு வரை போர்த்தினால் போதும். முதுகைத் தொட்டுப் பார்த்து வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும்.

தூளியை ஒழித்துவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அழும் பிள்ளையை அமர்த்த அதற்கு ஈடேது? ஆயினும் தொய்ந்த துணியில் சிசுவின் முகவாய் மார்பில் கவிழ்ந்து மூச்சுவழி குறுகலாம். புடவையின் மடிப்பு முகத்தில் விழலாம். எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வபாயம் பெரிது. ஆகவே தூளியில் கண்ணயர்ந்த குழந்தையைப் பாய்க்கு மாற்றுவதே முறை. இன்னொன்று: காலித் தூளியில் ஆடி விளையாடும் பெரிய பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்த செய்திகள் நம் மாநில நாளிதழ்களில் பன்முறை வந்துள்ளன. வேண்டாத வேளையில் அதனை அவிழ்த்து வைத்துவிட வேண்டும்.

தாயும் சேயும் ஒரே அறையில் உறங்குவது மிக நல்லது. இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் இம்மரணம் வெள்ளையர் குடும்பங்களைவிட மிகக் குறைவாயிருந்தது. பெற்றோர் அறையிலேயே குழந்தையை உறங்க வைத்தலும், தாய்மார் புகைபிடிக்காமையும், மது அருந்தாமையும் அங்கு கவனிக்கப்பட்ட வேறுபாடுகள். தாய்ப்பாலும் பெருங்காப்பாகும். ஒரே பாயைவிட, கைக்கு எட்டும் தூரத்தில் தனிச் சிறு பாய் மேலானது. குடித்துவிட்டு வந்தவர் பக்கத்தில் சிசுவைக் கிடத்தவே கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு நடுவிலும் கூடாது. வீட்டுக்குள் பீடி, சிகரெட்டுப் புகை அறவே ஆகாது. சாம்பிராணி, கொசுவத்திப் புகையும் சிசுவின் மூச்சுக்கு நல்லதன்று. கொசுவலையைப் பாயின் அடியில் நன்கு செருகிவிடலாம். கர்ப்பிணிகள் வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பதை விட்டால் குழந்தையின் எடையும் குறையாது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசிக்காகக் குழந்தைகள் கொண்டுவரப்படுகின்றன. அபாயம் மிகுந்த பருவமும் ஏறத்தாழ அதுவே. அன்று கிராம சுகாதாரச் செவிலியர், பாய், தலையணை, தூளி ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு தாயிடமும் பாட்டியிடமும் கேட்டறியும்படி ஏற்பாடு செய்யலாம். பாட்டியை விட்டுவிட்டால் பயனில்லை. வீட்டில் அவர் சொல்லே செல்லும்.

மற்றொன்று வயலைப் பற்றியது. இதில் விவசாயிகளுக்கும் பங்குண்டு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியுடன் அமர்த்தும்படி விதித்திருந்தது. நடவுக் குழுவிலும் இம்முறையைக் கொள்ளலாம். நிழலில் பாய் விரித்து, சிசுக்களை மல்லாத்திக் கிடத்தி, அருகில் அமர்ந்து பார்த்திருக்க ஒருத்தி போதும். குறுவைக்கு ஆள் பேசும்போதே அவளுடைய முழுக் கூலியையும் சேர்த்துப் பேசிவிடலாம்.