இளநாயை முதற் கண்காட்சிக்குப் பழக்கும் முறை

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் விவசாயி என்ன செய்கிறார்? முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். பின்னர் முதுகையும் விலாவையும் தடவுகிறார். காலைத் தூக்கிக் குளம்பை நோக்குகிறார். இறுதியில், "சற்று நடத்திக் காட்டுங்கள்" என்கிறார். நாய்க் கண்காட்சியில் நடுவர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. சுழி பார்ப்பது ஒன்றுதான் அங்கே இல்லை. இதனை வெறும் அழகுப் போட்டி என்று பலர் எண்ணுகின்றனர், அவ்வெண்ணம் சரியன்று. ஒவ்வோர் இனத்துக்கும் உடலமைப்பு, பல்வரிசை, நிறம், நடை, குணம் ஆகியவற்றை வரையறுத்த இலக்கணம் ஒன்று உண்டு. அவ்விலக்கணத்துக்கு எந்த நாய் மிக நெருங்கி நிற்கிறது என்று தேர்ந்து காண்பதே கண்காட்சியின் நோக்கமாகும். இத்தகைய முறையான கண்காட்சி 1859ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரில் தொடங்கியது.

நம் நாட்டு இனங்களுக்கு இது ஏன் வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் தென் மாவட்டங்களின் கரிசல் வெளிகளில் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றமாகும். சட்டம் நல்ல சட்டமே. ஆயினும் அந்நாய்க்குத் தொழில் போயிற்று. உழவு இயந்திரம் வந்தபின் உழவு மாடுகளுக்கு நேர்ந்த கதியை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். வளர்ப்பதற்கு வேறொரு காரணம் கிடைத்தாலன்றித் தொழில் இழந்த இனம் நிலைத்திராது. நல்ல உடற்கட்டுள்ள ஆணையும் பெண்ணையும் அடையாளங் கண்டு, அவற்றின் வழியே குட்டி எடுக்க உதவும் கண்காட்சி அக்காரணங்களுள் ஒன்று. அரசும் இதில் கருத்துச் செலுத்தாமல் இல்லை. சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய் இனங்களைப் பெருக்குவதற்கென அரசு நாய் வளர்ப்புப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. 2005ஆம் ஆண்டு வெளிவந்த நான்கு அஞ்சல் தலைகளுள் ஒன்றில் ராஜபாளையம் நாய் இடம்பெற்றது. கர்நாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் இந்நாட்டு இனங்களாகப் பதிவு செய்துள்ளது.

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இவ்வினக் குட்டிகளை விலை கொடுத்து வாங்கி வளர்க்கும் இளைஞர்களை இப்போது காண்கிறோம். முந்திரித் தோப்புக் காவலுக்கும் இவை பயன்படுகின்றன. குட்டி எட்டு மாதம் வளர்ந்து, பார்ப்போர் புகழும் நிலைக்கு வந்தவுடன் கண்காட்சி ஆசை எழுகிறது. அப்போதுதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. அயலாரைக் கண்டால் மேலே பாய்கிறது. வாயைத் தொட்டால் உடலைத் திருகுகிறது. வேறொரு நாயைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட முயல்கிறது. எத்துணை இலக்கணம் வாய்ந்த நாயாயினும், நில்லாத நாயை நடுவர் எங்ஙனம் மதிப்பிட முடியும்?

துள்ளலின் காரணம்

நாய் துள்ளுவது திமிரினால் அன்று. ஓடுவதற்கென அமைந்த உடலைப் பகல் முழுவதும் மூன்று முழச் சங்கிலியில் கட்டிவைத்து, அந்தியில் அவிழ்த்துவிட்டால் அது வேறென்ன செய்யும்? எப்போதும் சங்கிலியில் கட்டப்பட்ட நாய்க்கு உரிய உடற்பயிற்சி அளியாதிருத்தல், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். வேலியிட்ட கொல்லையிலோ, அறுவடை முடிந்த வயலிலோ, நீண்ட கயிற்றில் காலை அரை மணியும் மாலை அரை மணியும் ஓடவிடுதலே முதற் பாடம். பயிற்சி அதன் பின்னரே.

அடித்துத் திருத்தலாம் என்பாரும் உளர். கன்றை ஏருக்குப் பழக்கியவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். முதல் நாளே பாரம் ஏற்றி, தார்க்குச்சியால் குத்தினால் அக்கன்று நுகத்தடியைக் கண்டாலே படுத்துக்கொள்ளும். அடிபட்ட நாயும் அரங்கில் வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு முதுகைக் கூனிக்கொள்ளும். துள்ளும் நாய்க்காவது வயது ஏற ஏற அடக்கம் வரும். அஞ்சிய நாயைத் தேற்றுவது மிகக் கடினம்.

கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றே: நாய் விரும்புவது எதுவாயினும், நான்கு கால்களும் தரையில் ஊன்றி நிற்கும்போது மட்டுமே அது கிடைக்க வேண்டும். சோறு வைக்கும்போதும், கயிறு மாட்டும்போதும், விருந்தினர் தடவிக் கொடுக்கும்போதும் இதுவே முறை. மேலே பாய்ந்தால் அதட்டவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றாற் போதும். வீட்டிலுள்ளோர் அனைவரும் இதனைக் கடைப்பிடித்தல் வேண்டும். தந்தை திருத்துவதும் பிள்ளைகள் துள்ள வைத்து மகிழ்வதுமாக இருந்தால் பத்து வாரமானாலும் பயன் விளையாது.

தொடுதலுக்கு இணங்குதல்

பயிற்சியில் தலையாய பகுதி இதுவே. நடுவர் அந்நியர். அவர் நாயின் உதட்டைத் தூக்கிப் பற்களைப் பார்ப்பார். மேற்பல் வரிசை கீழ்ப்பல் வரிசையின் முன்புறத்தை உரசியவாறு, கத்தரிக்கோல் போல் படிந்திருக்கிறதா என்று நோக்குவார். தோள், விலா, முதுகு, தொடை ஆகியவற்றைக் கையால் தடவி அறிவார். கடுவன் நாயாயின் இரண்டு விதைகளும் இறங்கியுள்ளனவா என்று தொட்டுப் பார்ப்பார். இவையனைத்தையும் நாய் பொறுத்து நிற்க வேண்டும்.

முதல் வாரத்தில் உரிமையாளரே தொட்டுப் பழக்க வேண்டும். உதட்டை ஒரு நொடி தூக்கி, உடனே ஒரு சிறு துண்டுத் தின்பண்டம் தருதல் வேண்டும். மறுநாள் இரண்டு நொடி. பின்னர் காது, பாதம், வால், அடிவயிறு என விரித்துச் செல்லலாம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இருவேளை போதும். நாய் சலிப்பதற்கு முன் நாம் நிறுத்திவிட வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து அண்டை வீட்டாரை அழைத்துத் தொடச் செய்யலாம்: பெண்கள், முதியோர், தொப்பி அணிந்தவர், மூக்குக்கண்ணாடி அணிந்தவர் என வெவ்வேறு தோற்றமுடையோர் தொடுவது நன்று. நடுவர் எத்தோற்றத்தில் வருவார் என்று நாய்க்குத் தெரியாதன்றோ?

தின்பண்டம் பற்றி ஒரு சொல். கடலூர்க் கரையோர ஊர்களில் நெத்திலிக் கருவாட்டைக் கொடுத்துப் பழக்குகின்றனர். நாய்க்கு அது தேவாமிர்தமே. ஆயினும் உப்பு மிகுதி. பலமுறை நீரில் ஊறவைத்துக் கழுவிய பின்னரே தரலாம். வேகவைத்த கோழிக்கறியைக் கடுகளவு கிள்ளிக் கொடுப்பது அதனினும் மேல்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் இப்பகுதியைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறேன். வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களில் நாம் காண்பது என்ன? ஒருவர் கழுத்தை இறுக்க, மற்றொருவர் பின்னங்காலைப் பற்ற, நாய் அலற, ஊசி போடுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அந்த நாயை முகாமுக்குக் கொண்டுவர உரிமையாளரே தயங்குகிறார். வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் மனிதரைப் பிழைப்பிப்பது ஏறத்தாழ இயலாத செயல். கடிபட்டவுடன் புண்ணைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்வதே வழி. தொடுதலுக்கு இணங்கிய நாயோ ஊசிக்கும் அமைதியாக நிற்கும். பரிசு வாங்குகிறதோ இல்லையோ, இந்த ஒரு பழக்கத்தை ஊரில் உள்ள எல்லா நாய்களுக்கும் கற்பிக்கலாம்.

நிற்றலும் நடத்தலும்

கண்காட்சி நாய்க்கு "உட்கார்" என்பதை முதலிற் கற்பிக்கலாகாது. அவ்வாறு கற்ற நாய், தின்பண்டத்தைக் கண்டவுடன் நடுவர் முன்னிலையில் உட்கார்ந்துவிடும். "நில்" என்பதே முதற் சொல்லாக இருக்கட்டும். தின்பண்டத்தை மூக்கின் நேருக்கு நேர் பிடிக்க வேண்டும். உயரத் தூக்கினால் தலை மேலெழும், பின்புறம் தாழும். முன்னங்கால்கள் தோளுக்கு நேர்கீழே செங்குத்தாகவும், பின்னங்கால்கள் சற்றே பின்வாங்கியும் ஊன்றி நிற்றல் முறை. தொடக்கத்தில் இரண்டு எண்ணும் அளவுக்கு நின்றால் போதும். எட்டு வாரத்தில் இரண்டு நிமிடம் நிற்கப் பழகிவிடும்.

நடை என்பது நடையினும் விரைவாய், ஓட்டத்தினும் மெதுவாய் அமைவது. ஒரு முன்னங்காலும் அதற்கு எதிர்ப்புறத்துப் பின்னங்காலும் ஒருசேர எழுந்து விழும். நாய் நமக்கு இடப்புறம் வர வேண்டும். வார் தளர்ந்திருக்க வேண்டும். வாரை இறுக்கிப் பிடித்தால் முன்னங்கால்கள் காற்றில் நீந்தும். நல்ல தோளும் கெட்ட தோளாகத் தோன்றும். இழுக்கும் நாயை எதிர்த்து இழுத்துப் பயனில்லை. அது இழுத்தவுடன் நின்றுவிட வேண்டும். தளர்ந்தவுடன் மீண்டும் நடக்க வேண்டும். முதல் நாள் பத்து அடி செல்வதற்குள் அந்தி சாய்ந்துவிடும். பொறுமை வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை வந்து மீண்ட ஈரமணல் இதற்கு ஏற்ற இடம். உலர்ந்த மணலில் கால் புதையும். வேட்டி கட்டி ஓடுவோர் அதனை மடித்துக் கட்டிக்கொள்வது நலம். காற்றில் படபடக்கும் வேட்டி நுனி இளநாய்க்கு விளையாட்டுப் பொருளாகிவிடும்.

கூட்டத்துக்குப் பழக்குவதில் பலர் அவசரப்படுகின்றனர். ஆனித் திருமஞ்சனத்தன்று சிதம்பரம் தேர் வீதிக்குள் நாயைக் கொண்டுசெல்வது பயிற்சி ஆகாது, தண்டனையே ஆகும். வாரச் சந்தைக்கு நூறு அடி தொலைவில் அமர்ந்து, நாய் அமைதியாய்ப் பார்த்திருக்கும்போது தின்பண்டம் தந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நெருங்குதல் வேண்டும். பேருந்துச் சத்தத்துக்கும் இதுவே முறை. வண்டிப் பயணத்தையும் இவ்வாறே கற்பிக்கலாம். முதலில் சிதம்பரத்திலிருந்து பு.முட்லூர் வரை சென்று திரும்பலாம்; பின்னர் கடலூர் வரை சுமார் 45 கிலோமீட்டர். சென்னைக் கண்காட்சிக்குச் செல்லும் நாய் வழியெல்லாம் வாந்தியெடுத்தால் அரங்கில் எவ்வாறு நடக்கும்?

கண்காட்சி நாள்

பல ஊர் நாய்கள் கூடுமிடத்தில் நோய்களும் கூடும். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான குட்டிப்பருவத் தடுப்பூசிகளும், மூன்று மாத வயதில் தொடங்கும் வெறிநோய்த் தடுப்பூசியும் முறைப்படி முடிந்திராத நாயை எக்காரணங் கொண்டும் கொண்டுசெல்லலாகாது. கண்காட்சி எதுவாயினும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவு வேண்டுமா என்பதை இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும்.

அன்று காலை அரை வயிறு உணவு போதும். வழக்கமான தண்ணீர்க் கிண்ணத்தை உடன் கொண்டுசெல்க. கத்திரி வெயிற் காலமாயின் தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பார்க்க வேண்டும்; நம் கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது. ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று, அரங்கிலிருந்து விலகி நிழலில் அமர்ந்து, நாய் அவ்விடத்தின் வாடையை முகர்ந்து தெளிய விட வேண்டும். அரங்கில் முன் செல்லும் நாய்க்கும் நம் நாய்க்கும் இரண்டு நாய் நீள இடைவெளி வேண்டும். நடுவே துள்ளத் தொடங்கினால் கூச்சலிடாமல், ஒரு சிறு வட்டம் சுற்றிவந்து நடையை மீண்டும் தொடங்கலாம். இளநாய்களின் விளையாட்டை நடுவர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். கடிக்க முற்படும் நாயை மட்டும் வெளியேற்றிவிடுவார்கள்.

வீடு திரும்பியதும் காது மடல்களிலும் கால்விரல் இடுக்குகளிலும் உண்ணி பற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டிகள் இருந்தால் கண்காட்சி சென்று வந்த நாயைப் பதினான்கு நாள் தனியே வைத்திருத்தல் நலம். இந்நாட்களில் உணவை மறுத்தல், வாந்தி, இரத்தக் கழிச்சல் எது கண்டாலும் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.